சீரிஸின் ஒற்றை மலை

சீரிஸ் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது, யாரோ டிவி சீரியலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சொன்னவர் எங்கள் டீம் லீட். இடம், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த எங்கள் ஆபீஸ்.

அதுவரை எங்கள் வேலை ரோட்டுக் குழிகள். கார்களில் பொருத்திய கேமராக்கள் எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். எது குழி, எது வேகத்தடை, எது படுத்திருக்கும் மாடு என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டுப் பெயர் கொடுப்போம். இப்படி ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டினால் கம்ப்யூட்டர் தானே குழியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். நான் விருதுநகர்ப் பக்கத்தில் இன்ஜினியரிங் படித்து, கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்தவள். இந்த வேலைக்கு இன்ஜினியரிங் தேவையே இல்லை. ஆனால் படித்திருந்ததால் என்னை ரிவ்யூவராகப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் போட்ட கோடுகளைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்வது என் பொறுப்பு.

டீம் லீட் அன்று சொன்னது இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நமக்குப் புதிய வேலை தந்திருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சீரிஸ் என்று ஒரு குறுங்கோள் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விண்கலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் தரையை முழுக்கப் படம் பிடித்திருக்கிறது. அந்தப் படங்களில் குழிகள், மேடுகள், விரிசல்கள், வெள்ளைத் திட்டுகள் எல்லாவற்றையும் நாம் குறிக்க வேண்டும். "குழிதானே, நமக்குப் பழக்கம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அன்று முதல் படத்தைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். திரையில் ஒரு புள்ளி என்பது அங்கே முப்பத்தைந்து மீட்டர். எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்தால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளால் ஆன ஒரு தரை, அம்மை வடு போல முழுக்கக் குழிகளோடு, யாருமே மிதிக்காமல் கிடந்தது. தேடிப் படித்தேன். பெங்களூரிலிருந்து சாலை வழியாக மும்பை போகிற தூரம்தான் அதன் குறுக்களவு. ஒன்பது மணி நேரத்தில் அங்கே ஒரு பகலும் இரவும் முடிந்துவிடும். படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் நேரில் அது புதுத் தார் ரோடு போலக் கறுப்பாம். வெள்ளைத் திட்டுகள் உப்பு. அதிலும் பெரும்பாலும் துணி துவைக்கிற சோடா உப்பு. அன்று சாயங்காலம் வீட்டில் குக்கரை வைத்துவிட்டு நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, என் கணவர், "அங்க யாரு துணி துவைச்சாங்களாம்?" என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் டீமில், பக்கத்திலேயே தமிழர்கள் நிறைய இருக்கும் ஸ்ரீராம்புரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். கன்னட மீடியத்தில் பி.யூ.சி., அதாவது ப்ளஸ் டூ வரை படித்துவிட்டு, ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைகளைச் செக்கிங் பார்க்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தவள். அங்கே நாள் முழுக்க நின்று கால் வீங்கியதால் இங்கே வந்தாள். வீட்டில் தமிழ், ரோட்டில் கன்னடம். ஆபீஸில் அதிகம் பேசமாட்டாள். ரோட்டுக் குழி வேலையில் அவளுடைய கோடுகள் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

சீரிஸ் வேலை தொடங்கி மூன்றாவது வாரம் அவளுடைய படங்கள் ஒரு கட்டாக எனக்கு ரிவ்யூவுக்கு வந்தன. திறந்து பார்த்தேன். குமிழ் குமிழாக மேடுகள் நிறைந்த இடம். இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. அவள் அத்தனையையும் 'குழி' என்று குறித்திருந்தாள். அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்த படத்தில் ஓரமாக, அகலமாக, ஆழமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் சுவர்களில் வெள்ளைக் கோடுகள்கூட இறங்கியிருந்தன. அதைப் போய் 'மேடு' என்று குறித்திருந்தாள்.

எனக்குக் காரணம் உடனே பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். இரண்டு பட்டன்களை மாற்றி அழுத்தியிருக்கிறாள். கட்டு முழுவதையும் திருத்தினேன். குழிகளை மேடாக்கினேன், மேட்டைக் குழியாக்கினேன். டீ குடிக்கும்போது டீம் லீடிடமும் மற்றவர்களிடமும் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் நாற்காலி என்னிடமிருந்து பத்தடி தூரம்.

ரிவ்யூவில் வரும் தப்புகளை வைத்து எங்கள் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் உண்டு; அவளுடையது ஒரே நாளில் சரிந்தது. மறுநாள் காலை டீம் லீட் அவளை மறுபடி ரோட்டுப் படங்களுக்கு மாற்றிவிட்டார். அவள் தண்ணீர் பாட்டிலையும் சால்வையையும் எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபிறகு என் மேஜைக்கு வந்தாள். கையில் தடிமனாக ஒரு காகிதக் கட்டு. அந்த வேலைக்கான வழிமுறைகள். இங்கிலீஷில் நாற்பது பக்கம். எங்களுக்கு அதை மெயிலில் அனுப்பியிருந்தார்கள். நான் முதல் நான்கு பக்கம் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். அவள் அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, தெரியாத வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் கன்னடத்தில் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலும் பென்சில் எழுத்து இருந்தது.

"மேடம், நான் பட்டன மாத்தி அழுத்தல" என்றாள். "வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வர்துன்னு பாத்துட்டுத்தான் போட்டேன்."

அவள் காட்டிய பக்கத்தில், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஓர் எண் இருக்கும், அது படம் எடுத்த நேரத்தில் சூரியன் இருந்த திசை, குறிப்பதற்கு முன் அதைக் கட்டாயம் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஃபைல் நம்பரின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டேன்.

நான் அவளுடைய படத்தைத் திரையில் திறந்தேன். வெளிச்சம் படத்தின் கீழ்ப் பக்கத்திலிருந்து வருகிறது என்றது அந்த எண். தெரிந்த பிறகும் எனக்குக் கண்ணில் மேடுதான் தெரிந்தது. எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் மேடுதான். "எனக்கும் அப்டித்தான் தெர்து மேடம்" என்றாள் அவள். "கண்ண நம்பாம கணக்குப் போட்டேன். கீழ இருந்து வெளிச்சம் வந்தா, குழியில மேல் சுவருதான பளிச்சுனு இருக்கும்?"

பிறகு படத்தைத் தலைகீழாகச் சுழற்றிப் பார்க்கச் சொன்னாள். சுழற்றினேன். அந்த இட்லிகள் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்க் குழிகளாகிவிட்டன. திருப்பி நேராக்கினேன், மேடு. மறுபடி சுழற்றினேன், குழி. ஐந்தாறு தடவை அப்படியே செய்துகொண்டிருந்தேன். அதில் ஒரு குழந்தைத்தனமான சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. நாம் பிறந்ததிலிருந்து வெளிச்சம் மேலேயிருந்துதான் வருகிறது. சூரியன், ட்யூப்லைட், எல்லாமே மேலேதான். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் தானாகவே மேலே ஒரு விளக்கை வைத்துக்கொள்கிறது. அந்த விளக்கை எடுத்துக் கீழே வைக்கச் சொன்னால் அது கேட்பதில்லை.

அவள் 'மேடு' என்று குறித்த அந்தப் பள்ளத்துக்கு வந்தோம். சுழற்றியதும் அது எழுந்து நின்றது. ஒரு மலை. செங்குத்தான சரிவுகள், தட்டையான உச்சி, சரிவெல்லாம் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். சுற்றிலும் வேறு மலையே இல்லை. ஆனால் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே அகலத்தில் ஒரு பெரிய குழி.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரோ அங்க தோண்டி இங்க கொட்டுன மாதிரி இல்ல?" என்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்த மலையைப் பற்றித் தெரிந்துகொள்வதில்தான் அவசரம். சாப்பாட்டு நேரம் முடிகிற வரை இருவரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது.

அவள் போனபிறகுதான் எனக்கு முழு விபரீதமும் புரிந்தது. அவளுடைய கட்டு மட்டுமல்ல. மூன்று வாரமாக மற்றவர்கள் குழியை மேடென்று குறித்து அனுப்பிய எத்தனையோ படங்களை நான் 'சரி' என்று ஒப்புக்கொண்டு மேலே அனுப்பியிருக்கிறேன். டீம் லீடிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு பெரிய பகுதியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து புகார் எதுவும் வரவில்லையே, இனிமேல் வருகிறதைச் சரியாகப் பார்த்தால் போதும் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கம்ப்யூட்டரை நினைத்துக்கொண்டேன். எங்கோ ஒரு நாட்டில் அது உட்கார்ந்து நான் சொல்லிக்கொடுத்ததைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குக் கண்ணும் கிடையாது, மேலே விளக்கு வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. என்னுடைய கோளாறு அதற்கும் தொற்றப் போகிறது. இதையெல்லாம் நினைத்தேனே தவிர, என்னை உண்மையில் குத்தியது வேறு. நாற்பது பக்கத்தை ஒருத்தி பென்சிலோடு உட்கார்ந்து படித்திருக்கிறாள். படித்தவள் என்பதற்காக எனக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் படிக்கவில்லை.

மறுநாள் காலை டீம் லீடிடம் சொல்லிவிட்டே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். தவறு என்னுடையது, சரியாகக் குறித்தது இன்னொருவர் என்றும், அந்த மலையின் படத்தை இணைத்து, ஒரு மலையைக் கண்டுபிடித்திருப்பதாக அவர் நினைக்கிறார் என்றும் எழுதினேன். அன்றிலிருந்து டீம் லீட் என்னிடம் பேசவில்லை.

பதில் வர நான்கு நாளாயிற்று. அங்கே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அவளைக் கூப்பிட்டு, இருவரும் ஒரே திரையில் படித்தோம். முதல் பத்தியிலேயே எங்கள் உற்சாகம் வடிந்துவிட்டது. அந்த மலையை விண்கலம் போய்ச் சேர்ந்த வருடமே கண்டுபிடித்துவிட்டார்களாம். அதற்குப் பெயர்கூட வைத்தாயிற்று. உயரம் சுமார் நான்கு கிலோமீட்டர். மல்லேஸ்வரத்திலிருந்து சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வரை இருக்கும் தூரத்தை நட்டுக்குத்தாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. பக்கத்துக் குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொட்டிய மண் இல்லை அது, உள்ளேயிருந்து உப்புக் கரைசலும் சேறும் பனிக்கட்டியுமாகப் பிதுங்கி மேலே வந்து உறைந்தது.

இரண்டாவது பத்தியில், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கம்ப்யூட்டர் குழியை அடையாளம் காணப் பழக வேண்டும் என்பதற்காகப் படங்களைத் தாங்கள் வேண்டுமென்றே பல பக்கம் சுழற்றி அனுப்பியிருந்ததாகவும், எல்லா டீம்களிலும் இந்தக் குழப்பம் வருகிறது என்றும் எழுதியிருந்தார். திருத்தங்களுக்கு முந்தைய பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை வைத்து மறுபடி செய்துவிடலாம், கூடுதலாக ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். அதைக் காட்டியதும் டீம் லீட் என்னிடம் மறுபடி பேசத் தொடங்கினார். அவளையும் அன்றே திரும்ப அழைத்துக்கொண்டார்.

அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்தது. புதிதாக ஒரு மலையைக் கண்டுபிடித்ததாக நான்கு நாள் இருந்தாளே. "பரவால்ல மேடம், யாரும் சொல்லாம நாமளே பாத்தோம் இல்ல" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு, "என்னா பேர் வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

அஹுனா என்று இருந்தது. என்ன மொழி என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரிசப்ஷனில் நாகாலாந்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஏதோ ஃபைலைக் கொடுக்க வந்தவள் எங்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, அது எங்கள் ஊர்ப் பெயராயிற்றே என்றாள். நாங்கள் நம்பவில்லை. அது வானத்தில் இருக்கும் ஒரு மலையின் பெயர் என்று நாங்கள் சொன்னதை அவளும் நம்பவில்லை. நாகர்களில் சுமி என்ற பிரிவினர் அறுவடை முடிந்து கொண்டாடும் பண்டிகைக்குப் பெயர் அஹுனா. புது அரிசியை மூங்கில் குழாயில் வேகவைத்துச் சாப்பிடுவார்கள். அவள் வேறு பிரிவு. ஆனால் பள்ளித் தோழிகள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். மெயிலைக் காட்டி நம்ப வைத்ததும் அவள் படத்தைப் போனில் எடுத்து அங்கேயே நின்று யார் யாருக்கோ அனுப்பினாள்.

சீரிஸ் என்பதே பழைய ரோமில் தானியத்துக்கான தெய்வத்தின் பெயர். அதனால் அங்கே இருக்கும் குழிகளுக்கும் மேடுகளுக்கும் உலகம் முழுக்க உள்ள விவசாய தெய்வங்கள், அறுவடைப் பண்டிகைகள் இவற்றின் பெயர்களைத்தான் வைக்கிறார்கள். இதைப் படித்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே யோசனை. பெயர்ப் பட்டியலைத் தேடி எடுத்தோம். நீளமான பட்டியல். ஸ்ரீராம்புரத்துப் பெண் விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். விரல் நின்றது.

"பொங்கல்" என்றாள்.

வரிசையாகக் குழிகளைக் கோத்த மாதிரி ஒரு நீண்ட தடத்துக்கு அந்தப் பெயர். எதிரே, தமிழர்களின் அறுவடைத் திருநாள் என்று ஒரு வரி விளக்கம். அவளுடைய முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மலை கிடைக்காத ஏமாற்றம் எங்கே போயிற்றோ. அன்று சாயங்காலம் அவள் வீட்டில் சொன்னபோது அவளுடைய அப்பா நம்பவே இல்லையாம். மறுநாள் நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடையில் காட்டி, இது வானத்தில் இருக்கிற நம் பொங்கல் என்று சொல்ல, ஒருவர், "குழியாத்தான கீது, பொங்குன மாதிரி இல்லியே" என்றாராம். அவள் இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அன்றிலிருந்து அவள் என்னை மேடம் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

கூடுதலாகக் கிடைத்த ஒரு மாதத்தில் அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். டீம் லீட் அவளை முன்னால் நிற்க வைத்து இங்கிலீஷில் விளக்கச் சொன்னார். அவள் இரண்டு நிமிடம் திணறிவிட்டுக் கன்னடத்துக்குப் போனாள். நடுவில் தமிழ். பிறகு எல்லோரையும் எழுப்பி ஜன்னலோரம் கூட்டிப்போய், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் பிடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு டீமில் யாரும் தப்பாகக் குறிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நானே இரண்டு மூன்று முறை ஏமாந்தேன். ஆனால் அந்த எண்ணைப் பார்க்காமல் யாரும் கோடு போடவில்லை.

அவளுக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. ஏன் ஒரே ஒரு மலை? உள்ளேயிருந்து சேறு பிதுங்கி வருமென்றால் ஓர் இடத்தில் மட்டும் ஏன் வர வேண்டும்? நானும் தேடினேன். விஞ்ஞானிகளும் இதையே கேட்டிருக்கிறார்கள். சிலர் சொல்லும் பதில் இது. இதற்கு முன்னாலும் மலைகள் இருந்திருக்கலாம். பனிக்கட்டி கலந்த மலை என்பதால் கோடிக்கணக்கான வருடங்களில் அது தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல அமுங்கித் தரையோடு தரையாகிவிடும். நாம் பார்ப்பது கடைசியாக வந்த மலை, அதனால்தான் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

"அப்போ அமுங்கிப்போனதெல்லாம் அங்கதான இருக்கும்க்கா?" என்றாள்.

அதிலிருந்து எங்கள் சாப்பாட்டு நேரம் அதற்கே போயிற்று. அவள் முத்தை என்று சொல்லிக் கொண்டுவரும் ராகிக் களியையும் என் புளிச்சோற்றையும் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, பழைய மலை ஒன்றின் தடம் எங்காவது தெரிகிறதா என்று படம் படமாகப் பார்ப்போம். வேலைக்கு இது தேவையே இல்லை. அமுங்கிய மலைக்கு நிழல் அதிகம் இருக்காது. வட்டமாக, லேசாக உப்பியிருக்கும், அவ்வளவுதான். நாங்கள் பிடித்ததில் பல, மங்கிப்போன பழைய குழிகள். ஒன்று, படத்திலேயே விழுந்த கறை. கடைசியில் வடக்குப் பக்கம் ஓர் இடத்தில் அகலமாக ஓர் உப்பல். வெளிச்சம் இடப் பக்கத்திலிருந்து. உப்பலின் இடது ஓரம் மிக லேசாக வெளுத்திருந்தது, வலது ஓரம் மிக லேசாக இருண்டிருந்தது. நான் இல்லை என்றேன், அவள் ஆமாம் என்றாள். இரண்டு நாள் விவாதம் செய்துவிட்டு, அந்தப் பெண்மணிக்கே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். இந்தத் தடவை மெயிலை அவளே எழுதினாள். நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன்.

இரண்டு வரியில் பதில் வந்தது. சுவாரசியமாக இருக்கிறது, உயரங்களை அளப்பவர்களிடம் காட்டுகிறேன், மலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. சில வாரங்களில் வேலை முடிந்து எங்கள் லாகின்களும் மூடப்பட்டன.

நான் இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அவள் அங்கேயே ரிவ்யூவராக இருக்கிறாள். அந்த விண்கலம் எடுத்த படங்களெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன என்பதை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள் போலிருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது எனக்கு வாட்ஸப்பில் ஒரு சாம்பல் நிறப் படம் வரும். எங்காவது லேசான உப்பல் ஒன்றைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருப்பாள். கீழே, "இது?" என்று மட்டும் இருக்கும். நான் கையில் இருக்கும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் போடுவேன். போன வாரம் அனுப்பியதற்கு மட்டும் இன்னும் பதில் போடவில்லை. அதை இரண்டு பக்கமும் சுழற்றிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.